செல்லாயிக்கு வைத்திருந்த குப்பி

ஊசியைக் கொதிநீரில் போடுமுன் அதன் முனையைப் பஞ்சில் இழுத்துப் பார்ப்பாள் செல்லாயி. இழை சிக்கினால் மறுபடி சாணைக்கல். “ஒனக்கும் வயசாயிருச்சுலா” என்று ஊசியிடமே குறைபட்டுக்கொள்வாள். ஜப்பான்காரன் வந்த பிறகு, மலாயாவில் தாப்பா ஊர்ப் பக்கத்து ரப்பர்த் தோட்ட ஆஸ்பத்திரிக்குப் புது ஊசி வரவில்லை, மருந்தும் வரவில்லை.

அவளுக்கு ஆயா வேலை. கட்டுத்துணி துவைப்பாள், கஞ்சி காய்ச்சுவாள், படுத்திருப்பவர்களைச் சிரிக்கவைக்கத் தோட்டத்துக் கணக்கெழுதும் பெரிய கிராணியைப் போல நெஞ்சை நிமிர்த்தி நடந்து காட்டுவாள். நடுநடுவே அவளுக்கே வலிப்பு வரும். நாக்கின் ஓரத்தில் கடித்த தழும்புகள். போன மழைக்காலத்தில் இழுப்பு நிற்காமல் போனபோது, ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்க்கும் டிரஸ்ஸர் சதாசிவம் நரம்பில் ஊசி போட்டுத்தான் அவளை மீட்டார். அந்த மருந்தில் ஒரே ஒரு கண்ணாடிக் குப்பிதான் மிச்சம். அதை அவளுக்கென்றே அலமாரியில் வைத்திருந்தார்.

ஒருநாள் மரவள்ளிக் கொல்லையிலிருந்து வீரம்மா ஓடிவந்தாள். தோளில் மூன்று வயது மகள். உடம்பு நெருப்பாகக் காய்ந்தது, கைகால் வெட்டி வெட்டி இழுத்தன, வாயோரம் நுரை.

“நிக்கவே மாட்டேங்குது டிரஸ்ஸரே!”

சதாசிவம் அலமாரியைத் திறந்தார். குப்பியைத் தொட்ட கை அங்கேயே நின்றது. உடைத்தால் மீதியை வைத்திருக்க முடியாது. செல்லாயியைத் திரும்பிப் பார்த்தார்.

“ஒடைங்க” என்றாள்.

“நாளைக்கு ஒனக்கு வந்தா?”

“எனக்கு நாளைக்கு. புள்ளைக்கு இப்பலா.”

சொல்லிவிட்டாளே தவிர, கண்ணாடி உடைந்த சத்தம் கேட்டபோது அவள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. குழந்தையின் கையை அசையாமல் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். நூலிழை போன்ற நரம்பு. இரண்டாவது குத்தில்தான் சிறிஞ்சுக்குள் ரத்தம் எட்டிப் பார்த்தது. சதாசிவம் மெல்ல மெல்ல மருந்தை ஏற்றினார்.

“சீக்கிரம் போடுங்களேன்!” என்று கதறினாள் வீரம்மா.

“அவசரப்பட்டா மூச்சு நின்னுரும், தங்கச்சி. நான் நெஞ்சத்தான் பாத்துக்கிட்டிருக்கேன்” என்றாள் செல்லாயி.

முதலில் தாடை தளர்ந்தது. பிறகு விரல்கள் விரிந்தன. கடைசியாக இடது காலும் அடங்க, குழந்தை நீளமாக ஒரு மூச்சு விட்டுத் தூங்கிப்போனது. வீரம்மா செல்லாயியின் தோளில் முகம் புதைத்து அழுதாள்.

மலேரியாக் காய்ச்சலுக்குக் கையிருப்பில் கொஞ்சம் கொய்னா மருந்து இருந்தது; அதைக் கொடுத்தார்கள். மறுநாள் காலை குழந்தைக்கு நன்றாக வேர்த்தது. கண்ணைத் திறந்து, “பசிக்குதும்மா” என்றது.

செல்லாயி கஞ்சியை ஆற்றி எடுத்துவந்தாள். கரண்டி குழந்தையின் வாயருகே போகும்போதெல்லாம் தன் வாயையும் அகலமாகத் திறந்தாள்.