கல்லுக்குள் தெரிந்த வெள்ளை

பளையில் கிணறு வெட்டியவர்கள், சுண்ணாம்புக் கல்லுக்குள் விரல் தடிப்பில் வெள்ளையாக எதையோ கண்டு வேலையை நிறுத்திவிட்டார்கள். போருக்குப் பிறகு எங்கள் பக்கத்தில் மண்ணுக்குள் வெள்ளையாக எது தெரிந்தாலும் எலும்பென்றுதான் நினைப்போம். புவியியல் படிப்பிக்கும் என்னைக் கூப்பிட்டார்கள். போரில் மகன் காணாமல்போன பக்கத்து வீட்டு அக்கா எனக்கு முன்னரே வந்து நின்றார்.

கல்லைக் கழுவிப் பார்த்தேன். நிம்மதியில் சிரிப்பே வந்துவிட்டது.

"எலும்பில்லை அக்கா, பயப்பிடாதேங்கோ. இது, இந்த நிலம் கடலா இருந்த காலத்தில இறால் குடைஞ்ச பொந்து. இறால் அழிஞ்சுபோச்சு, பொந்துக்குள்ள நிரம்பின வெள்ளைச் சேறு கல்லாகிட்டுது."

மற்றவர்கள் திரும்பவும் மண்வெட்டியை எடுத்தார்கள். அக்கா அந்தக் கல்லைத் தடவினார்.

"ஒரு இறால் இருந்ததுக்கே இவ்வளவு காலமா அடையாளம் கிடக்கு சேர். என்ர பிள்ளைக்கு ஒண்டுமில்லையே."

எலும்பாக இருக்கட்டும் என்று ஒரு தாய் வேண்டிக்கொண்டு வருவாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவரிடம் போய், பயப்படவேண்டாம் என்று சிரித்திருக்கிறேன்.