சசிகலா கடையின் வாடிக்கைக்காரர்

வெ. இசக்கிபாண்டி. பிறப்பு 1995, நாங்குநேரி வட்டம். படிப்பு ஐ.டி.ஐ., வெல்டர் பிரிவு. 2017 ஜூனில் ஸ்ரீபெரும்புதூர் வந்தார். ஒரகடத்தில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் வெல்டிங் லைனில் வேலை. மண்ணூரில் மூவரோடு ஒரு வாடகை அறை. திருமணம் ஆகவில்லை. காலை உணவு, சசிகலா கடை.

இவற்றுள் கடைசித் தகவலே விரித்துச் சொல்லத்தக்கது.

சசிகலா மண்ணூரிலேயே பிறந்து மண்ணூரிலேயே வாழ்க்கைப்பட்டவர். கணவர் பாண்டுரங்கன் ஒரு கிடங்கில் காவலாளி. நிலம் கைவிட்டுப் போன பிறகு குடும்பத்துக்கு அச்சாணியாக நின்றது சசிகலாவின் தள்ளுவண்டிதான். நெடுஞ்சாலையோரம் தொழிற்சாலைப் பேருந்து நிற்குமிடத்தில் அதை நிறுத்தியிருந்தார். முதல் ஷிஃப்ட்டுக்குப் போகிறவர்கள் பேருந்து வருமுன் நின்றபடியே நாலு இட்லியை உள்ளே தள்ளிவிட்டு ஏறுவார்கள். இசக்கிபாண்டி மட்டும் தன் தட்டைத் தானே கழுவி வைப்பார். சட்னியில் உறைப்புக் குறைந்தால் முகத்துக்கு நேரே கேட்பார்.

"யக்கா, இன்னைக்கு மிளகாய்க்கு லீவா?"

"வாயப் பாரு! துன்னுட்டு வண்டி ஏறுப்பா, உன் சூப்பர்வைசர் தேடிக்கினு இருப்பாரு."

2025 பிப்ரவரியில் சாலையை அகலப்படுத்த ஆட்கள் வந்தார்கள். வண்டியை எடுத்தாக வேண்டும். ஊருக்குள்ளே, ஏரிக்கரைத் தெருவில், சொந்த வீட்டு வாசலைத் தவிர வேறு இடம் அகப்படவில்லை. அங்கே பேருந்து வராது. பேருந்து வராத இடத்தில் இட்லிக்கடை எப்படிப் பிழைக்கும்?

"உள்ள எவன் வருவான்? காக்காவுக்கா இட்லி ஊத்தப் போற?" என்றார் பாண்டுரங்கன்.

சாலையோரத்தில் கடைசி நாள். இசக்கிபாண்டி தட்டைக் கழுவி வைத்தார்.

"திங்கக்கெழமை வீட்டுக்கு வாரேங்க்கா. மாவ மட்டும் கொறச்சிராதீய."

"நீ ஒருத்தன் துன்றதுக்கு அண்டா அண்டாவா அரைக்கணுமா?"

அவர் சிரித்துக்கொண்டே ஏறிவிட்டார். ஆறுதலுக்குச் சொல்கிறார் என்று சசிகலா எடுத்துக்கொண்டார். ஞாயிறன்று வழக்கத்தில் கால் பங்கு அரிசியைத்தான் ஊறப் போட்டார். மாவு வீணாகுமே என்ற கவலையைவிட, நிரம்பிய அண்டாவை வைத்துக்கொண்டு ஆளற்ற வாசலில் நிற்க வேண்டியிருக்குமே என்ற கூச்சம் பெரிதாக இருந்தது.

திங்கள் காலை முதல் ஈடு இறக்கும்போது தெருமுனையில் பூட்ஸ் சத்தம் கேட்டது. நிமிர்ந்தார். நீலச் சட்டைகள். இரண்டு, ஐந்து, பிறகு தெருவை அடைத்துக்கொண்டு ஒரு கூட்டம். கையிலிருந்த துணியோடு அப்படியே நின்றுவிட்டார்.

"இன்னாப்பா இது, சாமி ஊர்வலமா?"

"இனிமே கம்பெனி பஸ்ஸு இங்கதான்க்கா நிக்கும்," என்றான் முன்னால் வந்த, இசக்கிபாண்டியின் அறைத்தோழன் சக்திகுமார்.

ஆளுக்கு ஓர் இட்லிதான் வைக்க முடிந்தது. ஒருவரும் முணுமுணுக்கவில்லை. இசக்கிபாண்டி ஓரமாக நின்று, பிந்தி வந்தவர்களையெல்லாம் முன்னால் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார்.

பேருந்து ஏரிக்கரையில் திரும்பி வந்து நின்றது. ஓட்டுநர் லோகேஷ் தலையை வெளியே நீட்டி இசக்கிபாண்டியைக் காட்டினார்.

"யக்கோவ், இந்தாளு இன்னா பண்ணாருன்னு தெரியுமா? ரெண்டு வாரமா ட்ரான்ஸ்போர்ட் செக்‌ஷன் வாசல்லயே நின்னாரு. ஆள் இருந்தாத்தான் ஸ்டாப்பிங் மாத்துவோம்னாங்க. ரூம் ரூமாப் போயி ஆள் சேத்துக்கினு வந்துட்டாரு. இத்தினிக்கும் கேண்டீன்ல காலை டிபன் ஃப்ரீ!"

"ஃப்ரீயா?" சசிகலா திரும்பினார். "மெய்யாலுமாப்பா? எப்பத்துலேர்ந்து?"

"நான் சேந்ததுலேருந்தே. அந்த இட்லிய வெச்சு வெல்டிங் அடிக்கலாம்க்கா," என்றார் இசக்கிபாண்டி.

இத்தனை ஆண்டுகளில் இந்த மனிதருக்கு ஒரு கரண்டி சட்னியாவது கூடுதலாக ஊற்றியிருக்கிறோமா என்று சசிகலா மனத்துக்குள் துழாவிப் பார்த்தார். ஒன்றும் தட்டுப்படவில்லை. சிறுவயதில் குன்றத்தூர் மலைப்படி ஏறி முதன்முதலாகக் கீழே பார்த்தபோது ஏற்பட்ட அதே மலைப்பு இப்போது, தன் வீட்டு வாசலில், தினமும் பார்த்த முகத்தின் முன்னால் வந்தது.

சட்டென்று விழித்துக்கொண்டு தட்டை எடுத்தார். இட்லிப் பானையைத் திறந்தார். துணி மட்டுமே கிடந்தது.

"ஐயோ, உனுக்கு இல்லியேப்பா!"

"நான் அன்னைக்கே சொன்னேம்லா, மாவக் கொறைக்காதீயன்னு."

ஒரு டம்ளர் சாம்பாரை வாங்கிக் குடித்தார். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுக் கடைசி ஆளாகப் பேருந்தில் ஏறினார்.

அன்று வெந்த இட்லி நாற்பது. வந்தவர்கள் நாற்பத்தொருவர்.