புது மர்ம நாவல் விக்கிற எங்க அக்கா

எங்க அக்கா ஒரு புத்தகக் கடையில வேலை பார்க்கிறா. கடைக்குள்ள நுழைஞ்சதும் இடது பக்கம் ஒரு நீள மேசை இருக்கும். புதுசா வந்த மர்ம நாவல், திகில் நாவல் எல்லாம் அதுலதான். அந்த மேசைக்கு அவதான் ராணி. ராணின்னதும் பெருசா நினைச்சுக்காதீங்க. ஒரு ஸ்டூல், தூசி துடைக்க ஒரு துணி, அவ்வளவுதான் ராஜ்யம்.

வெள்ளிக்கிழமை பார்சல் வரும். டேப்பை வெட்டிப் பிரிச்சதும் ஒவ்வொரு தலைப்புலயும் ஒரு புத்தகத்தைப் பையில போட்டுக்குவா. அட்டை மடங்கக் கூடாது, அது ஒண்ணுதான் ஓனர் போட்ட கண்டிஷன். பஸ்ஸுல படிப்பா, சாப்பிடும்போது படிப்பா. அதனால யார் வந்து "புதுசா என்ன இருக்கு?"ன்னு கேட்டாலும் பதில் தயாரா இருக்கும். "இது பியானோ ரிப்பேர் பண்றவன் கதை. அவன் வேலை பார்த்துட்டுப் போன வீட்டுல எல்லாம் யாராவது செத்துப் போறாங்க. ஆரம்பம் இழுக்கும், பொறுத்துக்குங்க. இதுல பத்தாவது மாடியில ஜன்னல் துடைக்கிற பொண்ணு உள்ளே எதையோ பார்த்துடுறா. வீட்ல தனியா இருக்கிறவங்கன்னா வேணாம். அதை வாங்காதீங்க, பாதியிலேயே யாருன்னு தெரிஞ்சுடும், தண்டம்." எல்லாத்தையும் ஒரே குரல்லதான் சொல்லுவா. மருந்துச் சீட்டு படிக்கிற மாதிரி இருக்கும்.

அவ மேசையில இவ்வளவு விக்கிற ரகசியமே அந்த அசையாத மூஞ்சிதான். பாதி படிச்சவங்க வந்து, "அந்த டாக்டர்தானே கொலைகாரன்?"னு கேட்டுட்டு அவ மூஞ்சியையே உத்துப் பார்ப்பாங்க. ஊஹூம், ஒரு இமை ஆடாது. "இந்த மூஞ்சிக்கே நான் தனியாச் சம்பளம் கொடுக்கணும்"னு ஓனர் சிரிப்பாரு. எனக்குச் சிரிப்பு வராது. எங்க அக்கா அப்படிப் பிறந்தவ இல்லை. சினிமா பார்த்துட்டு வந்தா செருப்பைக் கழட்டுறதுக்கு முன்னாடியே முடிவைச் சொல்லிடுவா, ஓட்டவாய். கரப்பான்பூச்சியைப் பார்த்தா கட்டில் மேல ஏறிக் கத்துவா. அப்படிப்பட்டவளை இப்படி ஆக்கினது அவ புருஷன். அந்த ஆளை மாமா மாமான்னு கூப்பிட்ட வாயை நான் சோப்புப் போட்டுக் கழுவணும்.

அவரு லிஃப்ட் மெக்கானிக். ஒருநாள் காலையில டூல்ஸ் பையைத் தூக்கிட்டு வேலைக்குப் போனவரு திரும்பி வரலை. போலீஸ், ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாண்டுன்னு நாங்க நாயா அலைஞ்சோம். ஒரு மாசம் முடியறதுக்குள்ள அக்காவுக்கு மட்டும் ஒரு போன் வந்தது. "என்னைத் தேடாதே. நான் இங்க ஒருத்தியோட இருக்கேன்"னாராம். ஊர்ப் பேரையும் அவரே சொல்லியிருக்காரு, துணிச்சல் அப்படி. அக்கா போனை வெச்சுட்டு, பாதியில விட்ட பாத்திரத்தைக் கழுவி முடிச்சுட்டு என் வீட்டுக்கு வந்தா. அப்படியே ஒப்பிச்சா. நான்தான் கத்தினேன், நான்தான் அழுதேன். அவ எனக்குத் தண்ணி எடுத்துக் கொடுத்தா.

"அத்தைக்கு மட்டும் இது தெரியக் கூடாதுடி"ன்னா.

அத்தைன்னா அவ மாமியார். ஒத்தைப் புள்ளையோட அம்மா. அக்கா கூடத்தான் இருக்காங்க, அக்கா சம்பளத்துலதான் அந்த வீடு ஓடுது. "தலையில எங்கேயோ அடிபட்டு நினைவு தப்பியிருக்கும். இல்லன்னா என் புள்ள பெத்தவளை விட்டுட்டு இருப்பானா?" இதையே பக்கத்து வீடு, எதிர் வீடு, பால்காரர்னு எல்லார்கிட்டயும் சொல்லுவாங்க. புள்ளையோட பிறந்தநாள் வந்தா சாப்பிட மாட்டாங்க, சுவரைப் பார்த்து உட்கார்ந்து அழுவாங்க. அக்கா பக்கத்துல உட்கார்ந்து துணி மடிச்சுக்கிட்டிருப்பா.

எனக்குப் பத்திக்கிட்டு வரும். "ஓடிப் போனவனோட அம்மாவுக்கு நீ ஏன் இப்படி நாடகம் ஆடுற? சொல்லித் தொலையேன்!"

"பெத்த புள்ளையே வேணாம்னு போயிட்டான்னு தெரிஞ்சா அந்த மனுஷி ஒடிஞ்சு போயிடுவாங்க. எனக்கென்னடி, எனக்குத்தான் எதுவுமே உறைக்கலையே."

காகிதக் கம்பெனி ஏஜென்ட் ஒருத்தர், தங்கமான மனுஷன், கல்யாணம் பண்ணிக்கிறேன்னு கேட்டு வந்தாரு. "என் வீட்டுக்காரர் காணாம போயிருக்கார், திரும்பி வரலாம்"னு சொல்லி அனுப்பிட்டா. அன்னிக்கு நான் அவளோட பேசவே இல்லை. பேசலைங்கிறதைக்கூட அவ கவனிச்ச மாதிரித் தெரியலை.

இப்போ கடைக்கு வர்ற மூணு பேரைப் பத்திச் சொல்லணும். ரிட்டையர் ஆன பேங்க் மேனேஜர், ஒரு மருந்துக் கடைக்காரர், ஒரு டியூஷன் டீச்சர். அக்கா மேசையோட நிரந்தர வாடிக்கை. மூணு பேரும் ஒரே புது நாவலை வாங்குவாங்க, கடைசி அத்தியாயத்துக்கு முன்னாடி நிறுத்திடணும், அது சத்தியம். சனிக்கிழமை மத்தியானம் கடையில கூடி, யார் செஞ்சதுன்னு ஆளுக்கொரு பேர் சொல்லுவாங்க. அப்புறம் மேனேஜர் எழுந்து நின்னு கடைசி அத்தியாயத்தைச் சத்தமாப் படிப்பாரு. தோத்தவங்க டீ வாங்கித் தரணும். நல்ல ஜனங்கதான், ஒரு கெட்ட எண்ணம் கிடையாது. அதுதான் வினையே.

மாமியாரம்மா ஊரெல்லாம் சொன்ன கதை அவங்க காதுக்கும் எட்டி, அக்காவுக்கு ஏதாவது செய்யணும்னு அவங்களுக்குள்ள பேசி வெச்சிருக்காங்க. என்ன செய்யலாம்? காணாம போன புருஷனைக் கண்டுபிடிக்கலாம்! வேற யாருக்காவது இப்படித் தோணுமா சொல்லுங்க?

அந்தச் சனிக்கிழமை எனக்கு டீச்சர் போன் பண்ணி, "கடைக்கு வாம்மா, உங்க அக்காவுக்கு ஒரு சர்ப்ரைஸ்"னாங்க. ஏதோ கேக் வெட்டப் போறாங்கன்னு நினைச்சுப் போனேன். போய்ப் பார்த்தா, மேசைக்கு முன்னாடி வட்டமா நாற்காலி. ஒண்ணுல மாமியாரம்மா, மடியில கைப்பையோட. மேனேஜர் தானே கார் எடுத்துட்டுப் போய்க் கூட்டிட்டு வந்திருக்காரு. அவங்க நாவல்ல எல்லாம் அப்படித்தானாம்; குடும்பத்தை மொத்தமா ஒரு அறையில உட்கார வெச்சுட்டுத்தான் உண்மையைச் சொல்லணுமாம்.

அக்கா ஸ்டூலை விட்டு எழுந்துட்டா.

"சார், வேணாம்."

"கூச்சப்படாதீங்கம்மா. எத்தனை புத்தகம் எங்களுக்குச் சொல்லியிருக்கீங்க!"

"சார், வாங்க, வெளியே போய்ப் பேசலாம்."

"முடிவை எல்லார் முன்னாடியும்தான் சொல்லணும்"னு மருந்துக் கடைக்காரர் என்னமோ சட்டம் மாதிரிச் சொன்னாரு. நான் அவர் கையைப் பிடிச்சு இழுத்தேன். "ஐயா, உங்க காலைப் பிடிக்கிறேன், அந்தம்மா முன்னாடி வேணாம்"னு காதுல சொன்னேன். அவரு காதுல விழுந்தாத்தானே! அவரு கண்ணு மேனேஜர் மேலேயே இருந்தது.

மேனேஜர் தொண்டையைக் கனைச்சுக்கிட்டாரு. "நினைவு தப்பினாலும் கைக்குத் தெரிஞ்ச தொழில் மறக்காது. லிஃப்ட் மெக்கானிக் எங்கே போனாலும் லிஃப்டைத்தான் ரிப்பேர் பண்ணுவார். அதனால நாங்க ஊர் ஊரா லிஃப்ட் கம்பெனிகளுக்கு போன் போட்டோம். டீச்சர் பாதி, நான் பாதி." டீச்சர் பெருமையா நிமிர்ந்து உட்கார்ந்தாங்க. "அம்மா, மனசைத் திடப்படுத்திக்குங்க. உங்க மகன் உயிரோட இருக்கார்."

நான் மாமியாரம்மாவைப் பிடிச்சுக்க ஓடினேன், விழுந்துடுவாங்கன்னு. அக்கா அந்தப் பக்கம் வந்து நின்னுட்டா. அவங்க விழலை. கைப்பையை இறுக்கிக்கிட்டாங்க, அவ்வளவுதான்.

"இன்னும் அவர்கிட்ட நாங்க பேசலை. முதல் குரல் உங்க குரலா இருக்கட்டும்னு விட்டுட்டோம்"னு மேனேஜர் போனை எடுத்து நம்பரை அழுத்தப் போனாரு.

"வேணாங்க, இப்பப் பண்ணாதீங்க"ன்னாங்க மாமியாரம்மா. "வேலையில இருப்பான், எரிஞ்சு விழுவான். ஞாயித்துக்கிழமைதான் பேசுவான்."

தான் என்ன சொன்னோம்னு அவங்களுக்கே அப்பத்தான் உறைச்சிருக்கணும். வாயைக் கையால மூடிக்கிட்டாங்க. ஞாயித்துக்கிழமை கடையில கூட்டம் அதிகம், அக்கா காலையிலேயே கிளம்பிடுவா. வீட்டுல அவங்க மட்டும்தான்.

மேனேஜர் போனைப் பையில போட்டாரு. "இதை நாம யோசிக்கவே இல்லையே"ன்னு மருந்துக் கடைக்காரர் முணுமுணுத்தாரு. "வாயை மூடுங்க"ன்னு டீச்சர் அவரை அதட்டிட்டு, ரெண்டு பேரையும் வெளியே தள்ளிட்டுப் போனாங்க.

"எப்பலேர்ந்து அத்தை?"ன்னா அக்கா.

"முதல் மாசத்துலேர்ந்தே."

"ஏன் சொல்லலை?"

அவங்க தரையைப் பார்த்துக்கிட்டே சொன்னாங்க. "என்னையும் கூட்டிட்டுப் போடான்னு கேட்டேன். இங்க இடமில்லை, நீ அங்கேயே இருன்னுட்டான். அவனே உன்னை வேணாம்னு போயிட்டான்னு உனக்குத் தெரிஞ்சா, அவன் அம்மா இங்க எதுக்குன்னு கேட்டுடுவியோன்னு பயம்மா. காணாம போனவனோட அம்மான்னா யாரும் வெளியே போன்னு சொல்ல மாட்டாங்கல்ல."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. "அப்போ அழுதது? பட்டினி கிடந்தது? எல்லாம் எங்களுக்காக ஆடின கூத்தா?"

"அது பொய்யில்லைம்மா"ன்னாங்க என்னைப் பார்த்து. "எனக்கும் அவன் போயிட்டான்தானே."

"எனக்கும் முதல் மாசத்துலேர்ந்தே தெரியும்"னா அக்கா.

மாமியாரம்மா தலையைத் தூக்கினாங்க. "தெரிஞ்சுமா என்னை வெச்சுச் சோறு போட்டே?"

அதுக்குள்ள ஒரு காலேஜ் பொண்ணு உள்ளே வந்து, "புதுசா நல்ல சஸ்பென்ஸ் ஏதாவது இருக்கா?"ன்னு கேட்டா. அக்கா போய் ஜன்னல் துடைக்கிற பொண்ணு கதையை எடுத்துக் காட்டினா. ஒரு வார்த்தை பிசகாம அதே பேச்சு. அந்தப் பொண்ணு வாங்கிட்டுப் போனா. அடுத்து இன்னொருத்தர் வந்தாரு. நான் நாற்காலியை எல்லாம் எடுத்து ஓரமாப் போட்டேன். மாமியாரம்மா உட்கார்ந்திருந்த ஒண்ணை மட்டும் எடுக்க முடியலை. அவங்க எழுந்திருக்கவே இல்லை. வீட்டுச் சாவி அவங்க பையிலேயே இருந்தது, தனியாப் போகத் தெரியாதவங்களும் இல்லை. போகலாமா கூடாதான்னு யார்கிட்ட கேட்கிறதுன்னுதான் அவங்களுக்குத் தெரியலை.

கடை சாத்துற வரைக்கும் அக்கா அவங்க பக்கமே வரலை. "இப்பவாவது கோபம் வருதா அக்கா?"ன்னு கேட்டேன். "வரும்னு பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன்"னா. ஷட்டரை இறக்கிப் பூட்டினப்போ மாமியாரம்மா நடைபாதையில ஒதுங்கி நின்னுக்கிட்டிருந்தாங்க, வேற யாருக்கோ வழி விடுற மாதிரி.

"வாங்க, பஸ் போயிடும்"னா அக்கா.

"நானுமா?"ன்னு கேட்டாங்க.

"பின்னே? வேற யாரு இருக்கா எனக்கு."

அன்பாச் சொல்லலை, கோபமாவும் சொல்லலை. கண்டக்டர்கிட்ட ரெண்டு டிக்கெட் கேட்கிற குரல்லதான் சொன்னா. அந்தம்மா நடுத்தெருவுல நின்னு ஓன்னு அழுதாங்க. அக்கா அவங்க அழுது முடிக்கிற வரைக்கும் பையைப் பிடிச்சுக்கிட்டு நின்னா. அந்த பஸ் போயிடுச்சு, அடுத்த பஸ்ஸுலதான் ரெண்டு பேரும் வீட்டுக்குப் போனாங்க.