ஆரப்பாளையத்துக்கு நான் விற்ற இலங்கை ரூபாய்

என் முதல் வேலை ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, ஒரு லாட்ஜின் கீழ்த்தளத்தில் இருந்த பணமாற்றுக் கடையில். டாலரும் திர்ஹாமும் விலைப் பலகையில் பெயருக்குத்தான் இருந்தன. கடை ஓடியது இலங்கை ரூபாயில். கண் ஆபரேஷனுக்கு வருகிறவர்கள், மீனாட்சியைக் கும்பிட வருகிறவர்கள், கல்யாணச் சேலை எடுக்க வருகிறவர்கள் என்று கொழும்பு விமானம் இறங்கும் நாளெல்லாம் கடையில் கூட்டம் இருக்கும். நான் எழுமலையிலிருந்து காலை பஸ்ஸில் வந்து, சாயங்கால பஸ்ஸில் திரும்புவேன்.

அந்த நோட்டுகள் எனக்குப் பிடித்திருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு பறவை, ஒரு வண்ணத்துப்பூச்சி. நம் எழுத்திலும் ரூபாய் என்று போட்டிருக்கும். வந்தவர்கள் என்னைத் தங்கச்சி என்பார்கள். ஊர் திரும்பிய பிறகும் சிலர் போனில் விலை கேட்பார்கள். முதலாளி கல்லாவில் இருப்பார். அவர் மனைவியின் தம்பி வெளியே அலைந்து தரகர்களிடம் நோட்டு வாங்கி வருவான். அவனைக் கடையில் எல்லோரும் மச்சான் என்றே சொன்னோம்.

எங்கள் ஊர்க் கோயில் பொங்கலுக்கு நான் லீவு போட்டிருந்தபோது, மச்சான் லாட்ஜில் யாரிடமோ ஒரு கட்டு ஐயாயிரம் ரூபாய் நோட்டு வாங்கியிருக்கிறான். மலிவாகக் கிடைத்தது என்று அவனே பெருமையாகச் சொன்னான். கட்டைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்றேன். "நா பாத்தாச்சு. நீ ஒன் வேலையப் பாரு" என்றான். இலங்கைக்குத் திரும்பவிருந்த ஒரு ஜவுளி வியாபாரிக்கு அவனே அதை எடுத்துக் கொடுத்தான்.

அடுத்த மாதம் அந்த வியாபாரி வந்தார். உள்ளே கள்ள நோட்டு கலந்திருந்ததாம். அங்கே பேங்கில் பிடித்து, போலீஸ் ஸ்டேஷனில் ஒரு நாள் முழுக்க உட்கார வைத்திருக்கிறார்கள். அவர் கத்தவில்லை. "வயசான மனுசனை இப்பிடி அவமானப்படுத்திப் போட்டியள்" என்று மட்டும் சொன்னார். கடையில் இன்னும் நாலைந்து பேர் இருந்தார்கள்.

முதலாளி மச்சானைப் பார்த்தார். மச்சான் கால்குலேட்டரைப் பார்த்தான். பிறகு முதலாளி என் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, நீதான நல்ல நோட்ட எடுத்துட்டு மாத்தி வச்சே?"

அந்தக் கட்டு வந்தபோது நான் கடையிலேயே இல்லை என்றேன். அது அவருக்குத் தெரியும். லீவு கொடுத்ததே அவர்தான். அவர் எழுந்து வந்து என் பையை வாங்கி, கண்ணாடி மேசைமேல் கவிழ்த்தார். சீப்பு, மாத்திரை அட்டை, டிபன் பாக்ஸ், நாப்கின் பாக்கெட். அந்தப் பாக்கெட் உருண்டு கீழே விழுந்தது. மச்சான் குனிந்து எடுத்து, எல்லோரும் பார்க்கும்படி மேசையில் வைத்தான். பையில் எதுவும் இல்லை என்று தெரிந்த பிறகும் யாரும் என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை.

அப்பாவை வரவழைத்தார்கள். பருத்தி விற்ற காசை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தார். நாற்காலி காலியாக இருந்தும் அவரை உட்காரச் சொல்லவில்லை. "போலீசுக்குப் போனா பொட்டப்பிள்ள வாழ்க்க கெட்டுப்போகும். நஷ்டத்தக் குடுத்துட்டுக் கூட்டிட்டுப் போங்க. பிள்ள வளத்த லட்சணம் அப்படி" என்றார் முதலாளி. அப்பா காசைக் கொடுத்தார்.

பஸ் உசிலம்பட்டி தாண்டிய பிறகுதான் அப்பா வாய் திறந்தார். "நீ எடுத்திருக்க மாட்டேன்னு எனக்குத் தெரியும் தாயி. அவங்ககிட்டப் பேச எனக்கு வாய் பத்தல." அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. அந்தக் கடையை மூட வைக்காமல் விடக்கூடாது என்ற எண்ணம் மட்டும் அப்போதே வந்து உட்கார்ந்துகொண்டது.

கோரிப்பாளையத்தில், தர்கா போகிற வழியில், இன்னொரு பணமாற்றுக் கடை இருந்தது. கணவர் இறந்த பிறகு லைசென்ஸைத் தன் பெயருக்கு மாற்றி ஒரு அக்கா நடத்திக்கொண்டிருந்தார். நான் வேலை கேட்டுப் போனபோது அவருக்கு என் கதை ஏற்கெனவே தெரிந்திருந்தது. இந்தத் தொழிலில் எதுவும் மறையாது.

"நீ எடுத்தியா?" என்றார்.

"இல்லக்கா."

"எடுத்திருந்தா இங்க வந்திருக்க மாட்டே. இலங்கைக்காரங்க ஒனக்கு எம்புட்டுப் பேரத் தெரியும்?"

நிறையப் பேரைத் தெரியும். அத்தனை பேரையும் கொண்டுவந்தேன். தினமும் காலையில் அன்றைய விலையை வாட்ஸ்அப்பில் குரலாகப் பேசி அனுப்பினேன். எந்த டாக்டருக்குக் கூட்டம் குறைவு, எந்தக் கடையில் சுங்குடிச் சேலை சாயம் போகாது என்பதும் அதில் இருக்கும். ஆரப்பாளையத்தில் இறங்குகிறவர்கள் அங்கிருந்து ஆட்டோ பிடித்துக் கோரிப்பாளையம் வந்தார்கள். பழைய கடையில் மின்விசிறிக்குக் கீழே மச்சான் தனியாக உட்கார்ந்திருப்பதைப் பஸ்ஸிலிருந்து பார்ப்பேன். அன்றைக்கு நன்றாகச் சாப்பிடுவேன்.

கொரோனா வந்து விமானம் நின்றது, இரண்டு கடைகளும் முடங்கின. மறுபடி ஆட்கள் வரத் தொடங்கியபோது யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு டீச்சர், தன் அம்மாவின் கண்ணுக்கு வைத்தியம் பார்க்க வந்தார். பழைய வாடிக்கையாளர். முன்பெல்லாம் கைச்செலவுக்கு மட்டும் மாற்றுவார். அன்று இருந்ததையெல்லாம் எடுத்து வைத்தார்.

"முழுக்கவா அக்கா? திரும்பிப் போனா வேணாமா?"

"வச்சு என்ன செய்யிறது தங்கச்சி. பால்மா இல்லை, காஸ் இல்லை. சனம் விடிய விடிய லைன்ல நிக்குது. டொலருக்கு அரசாங்கம் ஒரு விலை சொல்லுது, வெளியில வேற விலைக்குப் போகுது. இந்தக் காசு இனி நிக்காது பிள்ளை."

அவருக்குப் பலகை விலைக்கே மாற்றிக் கொடுத்தேன். அன்று மாலை எனக்குத் தெரிந்தவர்களையெல்லாம் போனில் கூப்பிட்டு விசாரித்தேன். கண்டியிலும் மட்டக்களப்பிலும் அதே பேச்சு. பலகை விலை அசையாமல் நின்றது. பலகையை மட்டும் பார்க்கிறவனுக்கு ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். ஆரப்பாளையத்தில் அதைத் தவிர வேறு எதையும் பார்க்க ஆள் இல்லை. வாடிக்கையாளர்களிடம் பேசிக்கொண்டிருந்தது நான்தான். என்னைத்தான் அனுப்பிவிட்டார்களே.

அக்காவிடம் சொன்னேன். நம்மிடம் இருக்கும் இலங்கை நோட்டு முழுவதையும் தள்ளிவிட வேண்டும், வாங்க ஆள் இருக்கிறது என்றேன்.

"யாரு?"

சொன்னேன். ஆரப்பாளையத்துக் கடைதான் என்று.

"ரசீதோட, அன்னைக்கு வெலைக்குத்தான வித்துத்தரப் போற?"

"ஆமாக்கா. அஞ்சு பைசா கொறச்சு."

"அப்ப அது வியாபாரம். வித்துரு."

கடைக்குக் கடை நோட்டுக் கைமாறுவது எங்கள் தொழிலில் வழக்கம்தான். ஒரு தரகர் மூலம் பேச்சைத் தொடங்கினேன். நான் இருப்பது தெரிந்தால் சந்தேகம் வரும் என்று நினைத்தேன். தெரிந்ததும் மச்சானுக்கு ஆசைதான் கூடியது. போனில் அவனே பேசினான்.

"என்ன, கோரிப்பாளையத்துல காத்து வாங்குதோ? ஸ்டாக்கக் காலி பண்றீங்க?"

"ஆமாண்ணே, ரொக்கம் தேவைப்படுது."

"சித்திரைத் திருவிழாவுக்கு இலங்கைக்காரன் வந்து குவியப்போறான். திரும்பிப் போறப்ப அவனுக்கு இலங்கை நோட்டு வேணும். அப்ப எங்ககிட்டதான் வாங்கணும் நீங்க."

இன்னும் கொஞ்சம் குறைக்கச் சொன்னான். யோசிக்கிற மாதிரி இருந்துவிட்டுக் குறைத்தேன். கடன் வாங்கி வேறு கடைகளிலும் இலங்கை நோட்டைச் சேர்க்கும்படி நான் சொல்லவில்லை. அதை அவனாகவே செய்தான்.

அந்த மார்ச்சில் இலங்கை அரசு விலையைப் பிடித்திருந்த கையை விட்டது. ரூபாய் விழுந்த வேகத்துக்குப் பலகையை மாற்றி எழுத முடியவில்லை. இன்று நின்ற இடத்தில் நாளை இல்லை. கொஞ்ச நாளில் பாதிக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. யாழ்ப்பாணத்து டீச்சர் போனில் அழுதார். அவருக்காக எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. போனை வைத்ததும் ஆரப்பாளையத்து இரும்புப் பெட்டியில் அடுக்கிக் கிடக்கும் கட்டுகளை நினைத்தேன். அந்த நினைப்பு இனித்தது. இரண்டும் ஒரே நெஞ்சில்தான் இருந்தன. ஒன்று இன்னொன்றைத் தடுக்கவில்லை.

சித்திரை முடிந்து முதலாளி வந்தார். சட்டை கசங்கியிருந்தது. கவுண்டருக்கு இந்தப் பக்கம் நான் உட்கார்ந்திருந்தேன். அக்கா உள்ளே போய்விட்டார்.

"கொழும்புல ஒனக்கு ஆள் தெரியும். கொஞ்சத்தயாவது பழைய வெலைக்குத் தள்ளிக் குடும்மா. கடன்காரன் வீட்டு வாசல்ல வந்து நிக்கிறான்."

"பழைய வெலைக்கு யாரும் வாங்க மாட்டாங்க. இன்னைக்கு வெலைக்கு நாங்க எடுத்துக்கிறோம். அதுக்கு மொதல்ல எழுமலைக்குப் போயி எங்கப்பாகிட்ட நடந்ததச் சொல்லிட்டு வாங்க."

"அம்புட்டுத் தூரம் எதுக்கும்மா? போன்ல சொல்றேன்."

"அவரு அம்புட்டுத் தூரம் வந்தாருல்ல."

ஞாயிற்றுக்கிழமை வந்தார். அப்பா தோட்டத்தில் மல்லிகைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். முதலாளி வரப்பில் நின்று சொன்னார். "மச்சான் வாங்குன கட்டு அது, அன்னைக்கே எனக்குத் தெரியும், சம்சாரத்துக்குப் பயந்து உங்க பிள்ள மேல போட்டுட்டேன்." அப்பா மண்வெட்டியை நிறுத்தவில்லை. ஒரு பாத்தியை அடைத்து அடுத்ததைத் திறந்தார். அடுத்த தோட்டத்தில் பூ எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"அவங்களுக்குக் கேக்கல. சத்தமாச் சொல்லுங்க" என்றார் அப்பா.

அப்பாவுக்குள் இப்படி ஒருவர் இருப்பது எனக்கு அதுவரை தெரியாது. முதலாளி சத்தமாகச் சொன்னார். முதலில் இருந்து, எல்லாவற்றையும்.

"பருத்திக் காச எப்பத் தருவீக?" என்று கேட்டார் அப்பா. கொண்டுவந்திருந்ததை முதலாளி கொடுத்தார். அப்பா அவரை உட்காரச் சொல்லவில்லை, தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவும் இல்லை.

சொன்னபடி நோட்டுகளை அன்றைய விலைக்கு வாங்கினோம். விலை ரொம்பக் கீழே கிடந்த நேரம் அது. பிறகு கொஞ்சம் ஏறியது. ஆரப்பாளையத்துக் கடை அந்த வருடமே மூடிவிட்டது. இப்போது அங்கே செல்போன் கவர் விற்கிறார்கள். முதலாளி மகள் வீட்டோடு போய்விட்டதாகச் சொன்னார்கள்.

போதும், விட்டுவிடு என்று அம்மா சொல்கிறாள். கோயிலுக்குப் போனால் எனக்கும் சேர்த்து மனசு ஆற வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறாளாம். நான் அப்படி எதையும் வேண்டிக்கொண்டதில்லை. முதலாளியின் கணக்கு முடிந்தது, அவ்வளவுதான். பாக்கெட்டைக் குனிந்து எடுத்து மேசையில் வைத்தவன் கடன் கழுத்தை நெரிக்கத் தொடங்கியதுமே ஊரை விட்டு ஓடிவிட்டான். திருப்பூரில் ஏதோ கம்பெனியில் கணக்குப் பார்க்கிறானாம். திருப்பூரில் எனக்கு இன்னும் யாரையும் தெரியாது.