புங்கமரத்துக் கதிர்க்குருவி

அரியலூரில் குடியிருந்த காலத்தில் என் கணவர் சுண்ணாம்புக்கல் சுரங்கம் ஒன்றில் வேலை பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் போதும், பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பூங்காவுக்குக் கிளம்பிவிடுவார். லெப்பைக்குடிக்காட்டு நண்பர் ஒருவர் துபாயிலிருந்து கொண்டுவந்து கொடுத்தது அது. புரட்டாசி முடிகிற சமயத்தில் வடக்கேயிருந்து பச்சைக் கதிர்க்குருவி வரும் என்று நூலகத்துப் புத்தகத்தில் படித்துவிட்டு, மூன்று வருஷமாகத் தேடினார். ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை.

இரண்டாயிரத்து நாலில் ஒரு ஞாயிறு, "நீயுந்தான் வாயேன்" என்றார். துவைக்கிற துணியெல்லாம் அப்படியே கிடந்தது. அரைமனதாகத்தான் போனேன்.

புங்கமரத்தடியில் நின்று அண்ணாந்து பார்க்கத் தொடங்கினார். வாட்ச்மேன் ஓடிவந்து, "சார், தேன்கூடு ஏதும் கட்டியிருக்குங்களா?" என்று கவலையோடு கேட்டுவிட்டுப் போனார்.

கால்மணி நேரத்தில் எனக்கு அலுத்துவிட்டது. "ச்சிலீ ச்சிலீன்னு விடாம கத்துதே, அது என்னங்க?" என்றேன்.

"எது?"

"தலைக்கு மேலேயே கத்துதுங்க."

கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "காக்கா கத்துது. பஸ் ஹாரன் கேக்குது. வேற ஒண்ணும் கேக்கலியே."

விளையாடுகிறார் என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்ததும் புரிந்தது. பாறைக்கு வெடி வைக்கிற இடத்தில் இருபது வருஷம் நின்றவர். மற்றதெல்லாம் கேட்டது, அந்த மெல்லிய கீச்சொலி மட்டும் அவர் காதுக்கு எட்டவே இல்லை.

பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டார். எனக்கு மனசு கேட்கவில்லை. கையைப் பிடித்து எழுப்பி, சத்தம் வந்த கிளைக்கு நேராக அவர் தோளைத் திருப்பிவிட்டேன்.

"இன்னும் மேல. கொஞ்சம் இந்தப் பக்கம். இப்ப கீழ எறங்குது, பாருங்க."

பைனாகுலர் அசையாமல் நின்றது.

"புருவம் தெரியுது!" என்றார். "கண்ணுக்கு மேல வெளுப்பா, கோடு போட்ட மாதிரி!"

எனக்கும் காட்டினார். இலையைவிடக் கொஞ்சம் பெரிய குருவி, இலைக்கு இலை தாவிப் பூச்சி பொறுக்கிக்கொண்டிருந்தது. இதுவா இமயமலையைத் தாண்டி வந்தது என்று நம்பவே முடியவில்லை.

அடுத்த வாரம் திருச்சியில் காது டாக்டரிடம் கூட்டிப்போனேன். போனது போனதுதான், இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்றார். அன்றிலிருந்து காதடைப்பான் இல்லாமல் வேலைக்கு அனுப்பவில்லை.

மாசி வரைக்கும் ஞாயிறுதோறும் சேர்ந்தே போனோம். பூங்காவுக்குள் நுழைந்ததும் என் முகத்தைப் பார்த்து மெதுவாக, "இருக்கா?" என்பார்.

"இருக்கு, வாங்க" என்பேன்.