நாற்பத்திரண்டு தலைகள்

பள்ளிச் சுற்றுலா என்றாலே ஆயாம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். பத்தொன்பது வருடமாகப் பிள்ளைகளின் மூக்கைத் துடைத்து, ஷூ லேஸ் கட்டி, வாந்தியைக் கழுவி, இந்தப் பழைய நகரத்துக்குக் கூட்டி வருகிறாள். கோட்டைக்குள் ஒரு தடவைகூடக் கால் வைத்ததில்லை. பைகளுக்கும் தண்ணீர் பாட்டில்களுக்கும் பஸ்ஸிலேயே காவல் இருப்பதுதான் அவள் வேலை.

"உங்களுக்கென்ன ஆயாம்மா, நிழல்ல ஜம்முனு உக்காந்திருக்கீங்க" என்று டிரைவர் சீண்டுவார். வாயைக் கிளறினால் வசவுதான் கிடைக்கும் என்று தெரிந்தும் சீண்டுவார்.

இந்த வருடம் மூன்றாம் வகுப்பு. மணிக்கூண்டு, அரண்மனை, கடைசியாகக் கோட்டை. ஒவ்வொரு வாசலிலும் டீச்சர் பிள்ளைகளை நிற்கவைத்துப் போட்டோ எடுத்து, பெற்றோர் குழுவுக்கு அனுப்பிவிட்டு, "சீக்கிரம், சீக்கிரம்" என்று விரட்டினார். சுற்றிப் பார்க்க வந்தார்களா, சுவருக்கு முதுகைக் காட்ட வந்தார்களா என்று ஆயாம்மா ஜன்னலோரம் பொருமிக்கொண்டிருந்தாள்.

பஸ்ஸில் ஏறும்போது டீச்சர் தலையைத் தட்டித்தான் எண்ணுவார். முகத்தைப் பார்க்கமாட்டார். கோட்டை வாசலிலும் அப்படியே எண்ணி, "நாப்பத்திரெண்டு. போலாம்" என்றார்.

ஆயாம்மா பாட்டில்களை அவரவர் கையில் கொடுத்து வந்தாள். ஒன்று மிஞ்சியது. மூடி உடைந்து, அவளே நூல் போட்டுக் கட்டிக்கொடுத்த பச்சை பாட்டில். கடைசி சீட்டில் ஒரு சிறுமி வெறுங்கையோடு மிரள மிரள விழித்தாள். அதே நீலச் சட்டை, அதே வெள்ளை ரிப்பன். ஆனால் அந்த மூக்கை ஆயாம்மா ஒரு நாளும் துடைத்ததில்லை.

"நீ எந்த ஸ்கூலும்மா?"

சிறுமி வேறொரு பள்ளியின் பெயரைச் சொல்லிவிட்டு அழத் தொடங்கினாள்.

"டீச்சர், குண்டூசியக் காணோம்!" பச்சை பாட்டிலுக்குச் சொந்தக்காரியான ஒல்லிப் பெண்ணுக்கு அவள் வைத்த பெயர் அது.

"நல்லா பாருங்க ஆயாம்மா. கணக்கு சரியா இருக்கே."

"கணக்கைத் தூக்கிக் குப்பையில போடுங்க! இது நம்ம புள்ளையே இல்ல!" டிரைவர் பக்கம் திரும்பினாள். "வண்டிய எடுத்தே, டயருக்கு முன்னால படுத்துருவேன்!"

சிறுமியின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். "டிக்கெட்?" என்ற காவலாளியை, "புள்ளையக் காணோம், வழிய விடுய்யா!" என்று ஒதுக்கித் தள்ளினாள். பீரங்கி, படிக்கட்டு, மண்டபம் எதுவும் கண்ணில் நிற்கவில்லை. பின்வாசலருகே நீலச் சட்டைகள் வரிசையாக வேனில் ஏறிக்கொண்டிருந்தன. வரிசையின் கடைசியில் குண்டூசி தேம்பிக்கொண்டிருந்தாள்.

"எண்ணிட்டேம்மா, எல்லாம் சரியாத்தானே இருக்கு" என்றார் அந்தப் பள்ளி வாத்தியார்.

அவருடைய சிறுமியை அவர் முன்னால் நிறுத்தினாள். குண்டூசியை வாரி எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"வாயைத் திறந்து சொல்லக் கூடாதாடி, நான் உங்க ஸ்கூல் இல்லைன்னு?"

"சொன்னேன் ஆயாம்மா. பேசாம வரிசையில நில்லுன்னு திட்டினாங்க."

திரும்பும் வழியெல்லாம் டீச்சர் கெஞ்சிக்கொண்டு வந்தார்: "ஹெட்மிஸ்ட்ரஸ்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க." ஆயாம்மா அந்தப் பக்கமே திரும்பவில்லை. குண்டூசி அவள் மடியில் தூங்கிப்போயிருந்தாள்.

பள்ளி வாசலில் ஹெட்மிஸ்ட்ரஸ் நின்றிருந்தார். "எல்லாரும் பத்திரமா வந்தாச்சா?"

"நாப்பத்திரெண்டும் சரியா இருக்கு மேடம்" என்றார் டீச்சர்.

குண்டூசியைத் தோளில் போட்டபடி கடைசியாக இறங்கினாள் ஆயாம்மா.

"கோட்டையிலயும் கணக்கு சரியாத்தான் இருந்துச்சு மேடம். இவளத்தான் விட்டுட்டுக் கிளம்பினோம்."