காற்றாட வைத்த ஜாடிகள்

அந்தத் தெருவிலேயே முதல் பட்டதாரி அவன்தான். மகன் பெரிய இஞ்சினியர் என்று அம்மா வீடு வீடாகப் போய்ச் சொல்லியிருந்தாள். பெரிய இஞ்சினியரோ தினமும் ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு குழியில் இறங்கி, கண்ணாடி ஜாடிகளில் மண் நிரப்பிக்கொண்டிருந்தான். கூலியாட்கள் வைத்த பெயர் 'ஜாடி சார்'.

குழி இருந்தது மூடிப்போன ஒரு பெட்ரோல் பங்க்கில். பூமிக்குள் புதைத்த டாங்கி துருப்பிடித்து, வருடக்கணக்காக ஒழுகி, மண் பெட்ரோலைக் குடித்துக் குடித்துக் கறுத்துக் கிடந்தது. அந்த இடத்தை அடிமாட்டு விலைக்கு வாங்கியவர் அம்மாவின் ஒன்றுவிட்ட அண்ணன். மழலையர் பள்ளி கட்ட இடம் தேடிய டீச்சரம்மா தலையில் அதைக் கட்டிவிட அவருக்கு ஒரே தடை: அவன் ஜாடிகளில் அனுப்பும் மண்ணைப் பார்த்து, சுத்தம் என்று சோதனைக்கூடம் சொல்ல வேண்டும். மேல்மண்ணை மட்டும் வாரிப் போட்டுவிட்டு, "போதும்டா" என்றார்.

"கீழ இன்னும் நாறுது மாமா. பிள்ளைங்க விளையாடுற இடம்."

"ஜாடிய எப்படி மூடுற?"

"விளிம்பு வரைக்கும் மண்ண அமுக்கி உடனே மூடிடுவேன். இல்லேன்னா பெட்ரோல் ஆவியாப் போயிடும்."

மாமாவின் முகம் மலர்ந்தது. "படிச்ச முட்டாளே, இத முன்னாடியே சொல்லக் கூடாதா? மூடாதே. காத்தாடட்டும், நாளைக்கு அனுப்பலாம். யார் கண்ணுலயும் படாத இடமாப் பார்த்து வை. உங்கம்மா வந்து அழுதாளேன்னுதான் உனக்கு வேலை கொடுத்தேன், ஞாபகம் இருக்கட்டும்."

வேலை போனால் அம்மா தெருவில் தலைகாட்ட முடியாது. படித்த படிப்பில் அவனுக்கு முழுசாகக் கைவந்தது தலையாட்டுவதுதான். ஆட்டினான்.

யார் கண்ணிலும் படாத இடம் எது? கொட்டகையில் ஆட்கள், வீட்டில் அம்மா. அடுத்த தெருவில் இருந்த மாமாவின் ஆபீஸ் அறைக்கு ஒரு சாவி அவனிடம் இருந்தது. அவர் நாற்காலிக்குப் பின்னால், திரைச்சீலையின் மறைவில், ஜாடிகளைத் திறந்து வரிசையாக வைத்தான். ஜன்னலைச் சாத்திக் கதவையும் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போனான்.

மறுநாள் டீச்சரம்மா சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார். மாமா பல்லெல்லாம் தெரிய வரவேற்று ஆபீஸ் கதவைத் திறந்தார். ஜாடிகளை எடுக்க வந்த அவனும் பின்னால் நின்றான்.

டீச்சரம்மா மூக்கைப் பொத்தினார். "என்னங்க, பங்க்க இங்க மாத்திட்டீங்களா?"

"ரோட்டுல போற வண்டிப் புகைங்க" என்றபடி மாமா ஜன்னலைத் திறக்கப் பாய்ந்தார். கால் பட்டு ஒரு ஜாடி உருண்டது. கறுப்பு மண் டீச்சரம்மாவின் செருப்பு வரை சிதறியது.

"எங்க எடுத்த மண்ணு தம்பி இது?"

மாமா பார்த்த பார்வையில் பெட்ரோலே பற்றிக்கொண்டிருக்கும்.

"நீங்க ஊஞ்சல் போடணும்னு காட்டுன இடம் டீச்சர்." உருண்ட ஜாடியை நிமிர்த்தி வைத்தான். "மாமாதான் காத்தாட வைக்கச் சொன்னார்."

"முழுசாத் தோண்டுங்க. இந்தத் தம்பியே என் கண்ணு முன்னால ஜாடிய நிரப்பி மூடட்டும். அப்புறம் விலை பேசலாம்" என்று டீச்சரம்மா கிளம்பிவிட்டார். மாமாவால் இனி அவனைத் துரத்தவும் முடியாது, பார்த்துச் சகிக்கவும் முடியாது.

தான் செய்தது துணிச்சலா, சொன்னதை அப்படியே செய்கிற பழக்கமா என்று அவனுக்கே தெரியவில்லை. துணிச்சல் என்று வைத்துக்கொள்ள ஆசைதான்.

சேற்று பூட்ஸைப் பார்த்த அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "இன்னுமா தோண்டுற? எப்பதான்டா பெரிய இஞ்சினியர் ஆகப்போற?"

"இன்னும் பத்தடி இருக்கும்மா."